பழைய 28 சைக்கிளத் திருத்துறதா, கியர் சைக்கிள் எடுக்கிறதா?

அடுத்த கேள்வி மட்டக்களப்பு கல்லடியில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. "வீட்டுல அவர் ஓடின பழைய 28 சைக்கிள் ஒண்டு சும்மா கிடக்கு, கம்பி பிறேக். மகன் டவுனுக்கு டியூசன் போக அதத் திருத்திக் குடுக்கவா, இல்லாட்டி செகண்ட் ஹாண்ட் கியர் சைக்கிள் ஒண்டு எடுக்கவா? கையில பெருசாக் காசில்ல."

அக்கா, கடைக்கு உருட்டிட்டுப் போக முதல் சைக்கிளக் கவிழ்த்து வச்சுப் பாருங்க. கடல் காத்துக்குள்ள கிடந்த சைக்கிள், மேல பெயின்ட் நல்லா இருக்கும், கறள் அடியிலதான் திண்டிருக்கும். பெடல் அச்சுப் போற குழாயிர அடிப்பக்கம், ஹாண்டிலுக்குக் கீழ குழாய்கள் சேர்ற இடம், முன் சில்லப் பிடிக்கிற போக்குக் கால். இதுல எங்கயாவது வெடிப்பு இருந்தா அந்தச் சைக்கிள விட்டிருங்க. ஒட்டித் தாறம் எண்டு சொல்லுவாங்க, புள்ள ஓடுற சைக்கிளுக்கு அது வேணாம்.

பிறகு ரிம். சில்லுக் கம்பி பூட்டின ஓட்டைகளச் சுத்திக் கறள் பொரிஞ்சு உதிருதா எண்டு நகத்தால சுரண்டிப் பாருங்க. ஒரு ரிம் போனாச் சமாளிக்கலாம். ரெண்டு ரிம்மும் போய்ட்டுதெண்டா, முன்னுக்கு 32, பின்னுக்கு 40 எண்டு கம்பியும் புதுசாப் போட்டு, கோணல் எடுக்கிற கூலியும் சேர, அந்தக் காசுக்கு ஓடக்கூடிய பழைய சைக்கிளே ஒண்டு வாங்கிரலாம். பிறேமும் ரிம்மும் நல்லா இருந்தா, திருத்துறதுதான் லாபம்.

இப்ப கியர் கதைக்கு வருவம். நம்மட பக்கம் ஏத்தம் எண்டா கல்லடிப் பாலம் மட்டும்தான். கஷ்டம் கச்சான் காத்துக்கு எதிர்த்து மிதிக்கக்குள்ளதான். அதுக்குக் கியர் தேவையில்ல, பின் சில்லுல செயின் ஓடுற பல்லுச் சக்கரம், அந்தப் பிறீவீல மாத்தினாக் காணும். முன்னுக்கு 48 பல்லு, பின்னுக்கு 18 இருக்கெண்டு வைங்க. 18க்குப் பதிலா 20 பல்லுப் போட்டா மிதிக்கிற பாரம் பத்தில ஒரு பங்கு குறையும். வேகமும் அந்தளவு குறையும்தான், டியூசனுக்குப் போக அது பெரிய விசயமில்ல. பழைய செயினையே போட்டாச் சில்லுக் கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர் முன்னுக்கு வரும். பிறேக் கட்டைய அதுக்கேத்த மாதிரித் திருப்பிப் பூட்டச் சொல்லுங்க.

ஆனா அந்தச் செயின் தேஞ்சிருந்தாப் புதுப் பிறீவீலயும் திண்டிரும். அடிமட்டத்த வச்சு அளங்க: செயின்ல ஒரு பின்னிர நடுவில இருந்து 24 கண்ணி தள்ளி இருக்கிற பின்னிர நடு வரைக்கும் சரியா 12 அங்குலம் வரவேணும். பதினாறுல ஒரு அங்குலம் கூடிட்டுதெண்டாச் செயின மாத்துங்க. எட்டுல ஒண்டு கூடியிருந்தாப் பழைய பிறீவீலும் முடிஞ்சுது, ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தவேணும். அப்ப எப்பிடியும் மாத்தத்தானே போறீங்க, 20 பல்லாவே வாங்குங்க.

டயர் வாங்கக்குள்ள "28" எண்டு மட்டும் சொல்லாதீங்க. பழைய டயரிர பக்கத்துல 28 x 1½ எண்டோ, 635 எண்டோ (டயர் உக்காருற இடத்துல ரிம்மிர விட்டம், மில்லிமீற்றர்ல) இருக்கும், அதக் காட்டுங்க. 26லயும் இதே பிரச்சின: 26 x 1.95 எண்டா 559, 26 x 1⅜ எண்டா 590. பேர் ஒண்டு, ரிம் வேற, ஒண்டுக்கு ஒண்டு பொருந்தவே பொருந்தாது.

சிலர் கம்பி பிறேக்கக் கழட்டிட்டு வயர் பிறேக் போடச் சொல்லுவாங்க. செய்யாதீங்க. கம்பி பிறேக் ரிம்மிர உள்பக்கத்துல அமத்துது, வயர் பிறேக்குக்கு ரிம்மிர பக்கம் தட்டையா இருக்கவேணும். உங்கட ரிம்முக்குப் பக்கம் வளைவு, கட்டை பிடிக்காது. கட்டைய மட்டும் புதுசாப் போட்டு, ரிம்முல இருந்து 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்க. மார்கழி மழைக்குள்ள இரும்பு ரிம்முல பிறேக் பிந்தித்தான் பிடிக்கும், மகனுக்கு அதச் சொல்லி வைங்க.

செகண்ட் ஹாண்ட்தான் எண்டு முடிவெடுத்தா, முன்னுக்குக் குலுக்கல் தாங்கிற சொக் வச்சதப் பார்த்து ஆசப்படாதீங்க. மலிஞ்ச சொக் பாரம், உப்புக் காத்துக்கு உள்ளுக்குக் கறள் பிடிச்சு இறுகினாப் பிறகு சும்மா இரும்புதான். பழைய பற்றுச்சீட்டு இருக்கா எண்டும் கேளுங்க, பிறேம் நம்பர் அதோட பொருந்தவேணும்.

ஓ, பெடல மறந்திட்டன். இடது பெடலுக்கு எதிர் மரை. தெரியாம வழமையான பக்கம் திருப்பி இறுக்கினா, பெடல் பூட்டுற கை இருக்கே, அந்தக் கிராங்கிர மரை அழிஞ்சிரும், பெடலோட போகவேண்டிய செலவு கிராங்குக்கும் வரும். கிராங்கப் பிடிக்கிற கொட்டர் பின் புதுசாப் போட்டிருந்தா, ரெண்டு மூண்டு நாள் ஓடினாப் பிறகு திரும்பக் கடைக்குக் கொண்டுபோய் ஒருக்கா அடிச்சு நட்ட இறுக்கச் சொல்லுங்க. மிதிக்கக்குள்ள "டொக் டொக்" எண்டு சத்தம் கேட்டா அதே நாள் கொண்டுபோங்க.