சாதுவை மிரள வைத்தது யார்?

மேடையில் இருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, திருவிழா பந்தோபஸ்துக்கு நடுவிலும் வந்திருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நகரத்தார் பெரியவர்களே, ஆச்சிமார்களே, பொன்னாடை போர்த்திய மாணவர் பேரவைத் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த வள்ளல் அழகப்பரை நினைக்காமல் காரைக்குடியில் படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அவருக்கும் என் வணக்கம்.

கல்லூரியில் வன்முறை மிரட்டல் வந்தால் எப்படி எடைபோடுவது, எப்படிக் கையாள்வது என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். மிரட்டலை எப்படி அடையாளம் காண்பது, யார் விசாரிப்பது, போலீஸை எந்தக் கட்டத்தில் கூப்பிடுவது.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எல்லாரும் காட்டுக்காகத்தான் கவலைப்படுகிறோம். சாது ஏன் மிரண்டான் என்று கேட்க ஆளில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் கல்லூரியில் 2007 ஏப்ரல் 16 அன்று ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் எழுதியதைப் படித்து ஆசிரியர்கள் முன்பே பயந்திருக்கிறார்கள், வளாகப் போலீஸுக்கும் அவனைத் தெரியும். ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்ததை ஓரிடத்தில் உட்கார்ந்து சேர்த்துப் பார்க்கவில்லை. மறு வருஷமே அந்த மாநிலம் அரசுக் கல்லூரிகளில் இதற்கென்று ஒரு குழு கட்டாயம் என்று சட்டம் போட்டது. 2002-லேயே அந்த நாட்டு சீக்ரெட் சர்வீஸ் என்ற பாதுகாப்புத் துறையும் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து, பெரும்பாலும் முன்கூட்டியே யாரோ ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருந்தது என்று சொல்லியிருந்தன. பார்த்தவுடன் 'இவன்தான்' என்று சொல்ல முகஜாடை எதுவும் கிடையாது என்றும் சொல்லின. மிரட்டுகிறவன் எல்லாம் செய்வதில்லை, செய்கிறவன் எல்லாம் மிரட்டுவதில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன? செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொலையானார். 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சரி, தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்க யார் இருக்கிறார்கள்?

நம் மாவட்டத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மெஸ் மாஸ்டர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி போட்டால் முதல் ஆளாகத் தட்டோடு நிற்கிற பையன் ஒருவன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். வந்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிசைந்ததை அப்படியே வைத்துவிட்டுப் போவான். ஒரு நாள் பக்கத்துப் பையனிடம், "திருப்பாச்சேத்திக்குக் காலையில எத்தனை மணிக்குப் பஸ்?" என்று கேட்டிருக்கிறான். திருப்பாச்சேத்திக்கு எதற்குப் பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. கையில் சாம்பார் கரண்டியோடு நேராக வார்டன் அறைக்குப் போய், "சார், அந்தத் தம்பி சாப்பிட்டுப் பத்து நாளாச்சு, இப்ப அருவா வாங்க வழி கேக்குறான்" என்றார். வார்டன் உடனே சஸ்பெண்ட் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார். நல்லவேளை, ஒரு பேராசிரியை குறுக்கே நின்றார். அனுப்பிவிட்டால் அவன் கோபமும் அவனும் தனியாக இருப்பார்கள், நம் கண்ணுக்கும் தெரியாது என்றார். ராத்திரி பதினோரு மணி வரை அவனோடு உட்கார்ந்து பேசினார். சீனியர்கள் இரண்டு பேர் அவனைக் குளியலறையில் வைத்து வீடியோ எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பேர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள், பையனுக்கு அறை மாற்றினார்கள், அவன் ஆத்தாவை வரவழைத்தார்கள், வாரா வாரம் பேராசிரியை அவனைக் கூப்பிட்டுப் பேசினார். படிப்பை முடித்துவிட்டான்.

சாது மிரண்டதை முதலில் பார்த்தவர் சமையல்காரர். எல்லா விடுதிக்கும் அப்படி ஒரு மாஸ்டரும் பேராசிரியையும் வாய்ப்பார்களா? அதனால்தான் ஊர் ஊராகப் போய்க் கேட்கிறேன். கல்லூரிக்கு ஒரு முழுநேர மனநல ஆலோசகர் வேண்டும். வாரம் ஒருமுறை வந்து போகிறவர் வேண்டாம். கட்டடத்துக்கும் வளைவுக்கும் கொடுக்கிற கொடையில் ஒரு பங்கை, பெரியவர்களே, இந்தச் சம்பளத்துக்குக் கொடுங்கள். ஆலோசகர், வார்டன், காவலாளி, மெஸ் ஆள், மாணவர் ஒருவர் எல்லாரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்காரட்டும்.

போலீஸை எப்போது கூப்பிடுவது என்பதை ஆய்வாளர் ஐயாவே அடுத்துப் பேசுவார். தாளாளர் ஐயாவுக்கான மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடப் போங்கள். வணக்கம்.