கொம்பு முறியும் வரை

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பாருக்குக் கொம்புமுறியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, வடசேரியார் ஒரு பக்கமும் தென்சேரியார் மறுபக்கமும் இழுப்பார்கள். கண்ணகி அம்மனுக்கான சடங்கு அது. நான் இன்று பேச வந்தது சடங்கைப் பற்றி அல்ல, அந்தக் கொம்பில் சமப்படும் விசைகளைப் பற்றி.

கொம்பு அசையாமல் நிற்கிற கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இருபது பேர். ஒருவர் 300 நியூற்றன் விசையோடு இழுப்பதாகக் கணக்குக்கு வைப்போம். இந்தப் பக்கம் 6000, அந்தப் பக்கமும் 6000. ஒன்றையொன்று கழித்து மிஞ்சுகிற விளையுள் விசை பூச்சியம். ஆனால் கயிறு விறைத்து நிற்கிறது, மரம் நெரிகிற சத்தம் கேட்கிறது. விசைகள் சமப்பட்டிருக்கின்றனவே தவிர, காணாமல் போய்விடவில்லை.

கயிற்றில் இழுவை எவ்வளவு? 12000 என்பார்கள் பிள்ளைகள். இல்லை, 6000தான். தென்சேரியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய கயிற்றைத் தென்னையில் கட்டினாலும் (சம்மதிக்க மாட்டார்கள், அது வேறு கதை) கொம்பின் பாரம் கூடாது, குறையாது. தென்னை அதே 6000 நியூற்றனோடு திருப்பி இழுக்கும்.

சரி, வடசேரியில் ஒருவர் கால் வழுக்கிக் கயிற்றை விட்டுவிட்டார். இப்போது 5700க்கு 6000. மிச்சமுள்ள 300 நியூற்றன்தான் மொத்தக் கூட்டத்தையும் நகர்த்த வேண்டும். ஆளுக்கு 60 கிலோ என்றால், முதல் செக்கனில் ஆறு சென்ரிமீற்றர் அளவுதான் நகரும்.

இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். தகராறு தொடங்குவது வாவியில். விசைகள் சமப்பட்டால் பொருள் நின்றுவிடும் என்று எழுதும் பிள்ளைகளை நான் வருடாவருடம் பார்த்திருக்கிறேன். கல்லடிப் பாலத்தடியில் ஒருவர் ஒரே சீராகத் தோணி வலித்துப் போகிறார். புறப்படும்போது அவருடைய தள்ளல் தண்ணீரின் தடையை விட அதிகம், அதனால் தோணி ஆர்முடுகியது, அதாவது வேகம் எடுத்தது. வேகம் கூடக் கூடத் தடையும் கூடிற்று. இரண்டும் சமமான பிறகு தோணி நிற்கவில்லை, அந்த வேகத்திலேயே போகிறது. கச்சான் காற்று எதிரே அடித்தால் வேகம் இறங்கி, மறுபடி ஒரு வேகத்தில் சீராகும். துடுப்பைத் தூக்கி வைத்தால்தான் தடை தனித்து நின்று தோணியை மெல்ல மெல்ல நிறுத்தும். நியூற்றன் 1687இல் எழுதி வைத்தது இதைத்தான்: விளையுள் விசை இல்லையென்றால் நிற்பது நிற்கும், போவது போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம், கொம்பு? அது முறிகிற கணத்தில் கயிற்றின் இழுவை போய்விடும். கால்களுக்கு அது தெரியாது, மண்ணை உதைத்தபடியே இருக்கும். ஒவ்வொருவர் மேலும் சமப்படாத 300 நியூற்றன், 60 கிலோ உடம்பு. வென்றவரும் தோற்றவரும் ஒரே நேரத்தில் மல்லாந்து விழுவார்கள்.