டப்பா மூடி சுத்துற பாப்பாவும், கிலுகிலுப்பை ஆட்டுற அம்மாவும்

(திரையில்: பத்து மாதக் குழந்தை தரையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுற்றுகிறது. எதிரே அம்மா.)

"கண்ணா, இங்க பாரு… அம்மாவப் பாரு… கிலுகிலுப்ப பாரு!"

பாப்பா பார்க்கல. அம்மா இன்னும் பலமா ஆட்டுறாங்க. அது முகத்தத் திருப்பிக்குது. பொறுமை போயி, அம்மா மூடியப் பிடுங்குறாங்க. வீறிட்டு அழுகை!

இந்த வீட்ல மூத்த பையனுக்கு ஆட்டிசம், அதாவது மத்தவங்களோட பேசிப் பழகுறதுல வித்தியாசம் காட்டுற ஒரு வளர்ச்சி நிலை. அதனாலதான் அவங்களுக்கு இந்தப் பதட்டம். பயப்படுறதுலயும் தப்பில்ல. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தா, அடுத்ததுக்கும் இருக்க ஏறக்குறைய 5-ல 1 வாய்ப்பு.

உடனே "வளர்ப்பு சரியில்ல"ன்னு யாராவது ஆரம்பிப்பாங்க. ஒரு காலத்துல அமெரிக்க டாக்டர்களே அப்படித்தான் சொன்னாங்க, தாய்கிட்ட பாசம் இல்லாததுதான் காரணம்னு. பெர்னார்ட் ரிம்லாண்ட்னு ஒரு உளவியலாளர், அவர் பையனுக்கே ஆட்டிசம், 1964-ல புத்தகம் எழுதி அத உடைச்சார். நம்ம ஊர்ல மட்டும் அந்தப் பேச்சு இன்னும் ஓயல.

வளர்ப்பால ஆட்டிசம் வராது. ஆனா அடம், அழுகை, தலைய முட்டிக்கிறது இதெல்லாம் கொஞ்சம் வேற கதை. சில குழந்தைங்க காட்டுற சைகை ரொம்ப மெல்லிசா இருக்கும். ஓரக்கண்ணுல ஒரு பார்வை, ஒரு சின்ன முனகல், அவ்வளவுதான். நமக்குப் பிடிபடாது. பதில் வரலையேன்னு நாம இன்னும் சத்தம், இன்னும் ஏவல்னு ஏறிக்கிட்டே போவோம். அது திணறும். சொல்லத் தெரியாத குழந்தை அழாம வேற என்ன பண்ணும்?

(திரையில்: அம்மாவும் பயிற்சியாளரும் லேப்டாப்பில் அதே காட்சியைப் பார்க்கிறார்கள்.)

ஆஸ்திரேலியாவுல பெர்த், மெல்போர்ன் நகரங்கள்ல அந்த மெல்லிசான சைகைகளப் படிக்கப் பெற்றோருக்குச் சொல்லிக் குடுத்தா என்ன ஆகும்னு 103 குழந்தைங்கள வச்சுச் சோதிச்சாங்க. எல்லாம் 9-லிருந்து 14 மாசம். ஆட்டிசத்தோட ஆரம்ப அறிகுறி சிலது தெரிஞ்சவங்க. பாதிப் பேர் வீட்ல பயிற்சியாளர் பாப்பாவும் பெற்றோரும் விளையாடுறத வீடியோ எடுத்து, அவங்களுக்கே போட்டுக் காட்டினார். தப்ப இல்லங்க, சரியா அமைஞ்ச நிமிஷங்கள. நடுவுல நிறுத்தி, "இப்ப பாப்பா என்ன சொல்லுது?"ன்னு கேப்பாங்க. பாப்பாவுக்காக அம்மாவே பேசணும். அஞ்சு மாசத்துல மொத்தம் பத்து தடவ.

முடிவு 2021-ல வந்துச்சு. மூணு வயசுல, இந்தப் பயிற்சி கிடைச்ச வீடுகள்ல 6.7 சதவீதக் குழந்தைங்களுக்குத்தான் ஆட்டிசம்னு டாக்டர்கள் முடிவு சொன்னாங்க. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 20.5 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆட்டிசம் "குணமாச்சு"ன்னு இத வச்சு யாராவது வித்தா வாங்காதீங்க. அந்தக் குழந்தைங்க பலருக்கு வளர்ச்சியில சிரமம் இருந்துச்சு, உதவியும் தேவைப்பட்டுச்சு.

(திரையில்: மறுபடி அதே தரை. கிலுகிலுப்பை ஓரமாகக் கிடக்கிறது.)

இப்ப அம்மா பாப்பா பக்கத்துலயே உட்காந்து, இன்னொரு மூடிய எடுத்துச் சுத்துறாங்க. பேசல. "இங்க பாரு" இல்ல. பாப்பா கை நிக்குது. அம்மாவோட மூடியப் பார்க்குது… அப்புறம் அம்மா கைய.

அம்மா இன்னொரு தடவ சுத்துறாங்க.