ராத்திரி கைய உதறி உதறி எழுந்திரிக்கிறவங்களுக்கு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கடலூர்ல பிசியோதெரபி பாக்குறேன். மணிக்கட்டு ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிச்சதுக்கு அப்புறம்தான் என்கிட்ட அனுப்புவாங்க, அதனால ஒரு கை ஆறு மாசம் கழிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு கூடவே இருந்து பாக்குறவ நான்.

ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்கு கை மரத்துப்போய் முழிப்பு வரும், உதறி உதறி அப்புறம் படுப்பாங்க, கேட்டா சுகர் இருக்குல்ல அதான்னு சொல்லிட்டு வருஷக்கணக்கா விட்டுடுறாங்க. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல்ல பாதி, இவ்ளோ மட்டும் மரத்துப்போய் சுண்டுவிரல் நல்லா இருந்துச்சுன்னா பெரும்பாலும் அது கார்பல் டனல்தாங்க. மணிக்கட்டுல குறுகலா ஒரு சந்து, அதுக்குள்ள விரல மடக்குற 9 தசைநாணும் இந்த விரல்களுக்குப் போற மீடியன் நரம்பும் நெருக்கியடிச்சுட்டு போகுது, மேல கூரை மாதிரி கெட்டியா ஒரு பட்டை. உள்ள கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குறது நரம்புதான். சுகர், தைராய்டு, கர்ப்பம், அப்புறம் நம்ம பண்ருட்டி பக்கம் நாள் பூரா உக்காந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறாங்களே, அந்த மாதிரி கைக்கு ஓயாம அழுத்தம் குடுக்குற வேலை, எல்லாமே இதுக்கு வழி பண்ணும்.

ஆரம்பத்துல வந்தா ராத்திரி மணிக்கட்டு மடங்காம பட்டி போட்டுக்கிறதும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் நிறைய பேருக்கு போதும். அதுல அடங்கலைன்னா கூரை மாதிரி இருக்குற அந்த பட்டைய அறுத்து விடணும். உள்ளங்கையில ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிழிச்சு பண்றது பழைய முறை, இப்போ எல்லாரும் விசாரிக்கிறது அல்ட்ராசவுண்ட் பாத்துக்கிட்டே அரை சென்டிமீட்டர் துளை வழியா பண்றது. அல்ட்ராசவுண்ட் துணையோட பண்றத ஜப்பான் டாக்டருங்க 1997லயே எழுதிட்டாங்க. நரம்பும் ரத்தக்குழாயும் எங்க ஓடுதுன்னு ஸ்கிரீன்ல நேரா தெரியும், கைய மட்டும் மரக்க வச்சாலே போதும்.

எல்லாரும் என்கிட்ட கேக்குறது, ஏம்மா இது நிலைக்குமான்னுதான். நிலைக்குதுங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு ஃபாலோ பண்ணவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த நிம்மதி அப்படியே இருக்கு, திரும்ப வர்றது கொஞ்ச பேருக்குத்தான். ஆனா ஒண்ணு, ரெண்டு முறையிலயும் அறுக்குறது அதே பட்டையத்தான். சின்ன துளையில பண்ணா உள்ளங்கை வலி கம்மி, சீக்கிரம் வேலைக்கு போயிடலாம், தினக்கூலிக்கு போறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல. மாசம் போகப் போக ரெண்டு முறையில பண்ண கைகளுக்கும் வித்தியாசம் குறைஞ்சுக்கிட்டே வந்துடும். அஞ்சு வருஷம் கழிச்சு கை எப்படி இருக்கும்ங்கிறத முடிவு பண்றது தழும்போட நீளம் இல்லைங்க, நீங்க எப்ப வந்தீங்கங்கிறதுதான்.

1993ல வந்த பாஸ்டன் கேள்வித்தாள்னு ஒண்ணு இருக்கு, ராத்திரி எத்தன தடவ முழிக்கிறீங்க, பட்டன் போட முடியுதா, மூடி திறக்க முடியுதான்னு கேட்டு மார்க் போடுவோம். முந்திரி உடைக்கிற ஒரு அக்கா, அஞ்சாறு வருஷம் தாங்கிட்டு வந்தவங்க. கட்டைவிரலுக்கு அடியில இருக்குற சதைமேடு வத்தி குழி விழுந்திருந்துச்சு, என் விரல் நுனிய வச்சா உள்ள போகுது. அவங்களுக்கு ஆபரேஷன் அல்ட்ராசவுண்ட் பாத்துதான் பண்ணாங்க, காயம் எங்கன்னு தேடணும், அவ்ளோ சுத்தம். மரத்துப்போறது கொஞ்ச நாள்லயே நின்னுடுச்சு. ஆனா வத்துன சதை வரல. நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குலதான் வளரும், ரொம்ப நாள் பட்டினி கிடந்த சதை அதுக்குள்ள காஞ்சு போயிடும்.

ரெண்டு வருஷம் ஆச்சு, போன மாசம் வந்தாங்க. அந்த பட்டன் கேள்விய நான் ஜாக்கெட் ஊக்குன்னு மாத்திதான் அவங்ககிட்ட கேப்பேன். "ஊக்கு இன்னும் பேத்திதான் மாட்டி விடுது கண்ணு, ஆனா ராத்திரி விடியுற வரைக்கும் தூங்குறேன்"னாங்க.