ஏழு பிள்ளைகள், ஏழு எண்கள்

வணக்கம் நேயர்களே. 'தி அம்ப்ரெல்லா அகாடமி' என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெட்ஃப்ளிக்ஸில் 2019 முதல் 2024 வரை நான்கு சீசன்களாக வந்த தொடர். அதற்கு மூலம் ஒரு காமிக்ஸ். தொடரைப் பார்த்த அளவுக்கு நம் ஆட்கள் அந்தக் காமிக்ஸைப் படித்த மாதிரித் தெரியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கதை தொடங்குகிற விதத்தைக் கேளுங்கள். ஒரு மல்யுத்த வீரர், விண்வெளியிலிருந்து வந்த ராட்சசக் கணவாய் ஒன்றின் மேல் பாய்ந்து முழங்கையால் இடிக்கிறார். அதே நொடியில், கர்ப்பத்தின் அறிகுறியே இல்லாமல் இருந்த பெண்களுக்கு, உலகத்தின் பல மூலைகளில் 43 குழந்தைகள் பிறக்கின்றன. கணவாய்க்கும் குழந்தைகளுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பக்கத்தில் ஒரு விளக்கமும் கிடையாது. கதை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சர் ரெஜினால்ட் ஹார்க்ரீவ்ஸ் என்ற பெரும் பணக்கார விஞ்ஞானி அந்தக் குழந்தைகளைத் தேடுகிறார். ஏழு பேர் கிடைக்கிறார்கள். தத்தெடுக்கிறார். எதற்கு என்று கேட்டால், உலகத்தைக் காப்பாற்ற என்கிறார்.

அந்த ஏழு பேரையும் அவர் எண் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. வீட்டில் தாய் என்று இருப்பது ஒரு செயற்கைப் பொம்மை. அன்பாக நடந்துகொள்கிற ஒரே பெரியவர் போகோ, பேசத் தெரிந்த சிம்பன்சி. பத்து வயதில் பாரிசுக்குப் போய், வெறிபிடித்து ஆடுகிற ஈஃபில் கோபுரத்தை அடக்குகிறார்கள். உலகமே கைதட்டுகிறது. ஏழாவது பெண் வான்யாவுக்கு மட்டும் அந்தக் கைதட்டலில் பங்கில்லை. அவளுக்கு வயலின் வாசிக்கத் தெரியும், வேறு சக்தி எதுவும் இல்லை. உன்னிடம் விசேஷமாக ஒன்றுமில்லை என்று தகப்பனே அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்.

இத்தனையும் முதல் இதழிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது இதழின் தலைப்பைக் கேளுங்கள்: கல்யாணத்திலும் சாவிலும்தான் நாம் பார்த்துக்கொள்கிறோம். இருபது வருடம் ஓடிவிட்டது. தகப்பன் இறந்துவிட்டார். பிரிந்து போன பிள்ளைகள் துக்க வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அம்ப்ரெல்லா அகாடமி உண்மையில் ஆரம்பிப்பது இங்கேதான்.

மூத்தவன் லூதர் வருகிறான். ஒரு விபத்தில் சாகக் கிடந்தவனின் தலையை எடுத்து செவ்வாய் கிரகத்துக் கொரில்லாவின் உடம்பில் பொருத்தியிருக்கிறார் தகப்பன். அந்த உடம்போடு அவன் நிலாவில் தனியாக வாழ்கிறான். அல்லிசன் சொல்கிற வதந்தி எதுவாக இருந்தாலும் உண்மையாகிவிடும். அப்படிப்பட்டவளுக்கு மணவாழ்க்கை உடைந்துவிட்டது, மகளும் அவளோடு இல்லை. டியேகோவுக்கு லூதரைக் கண்டாலே ஆகாது. செத்தவர்களோடு பேசுகிறவன் கிளவுஸ். ஆறாவது பிள்ளை பென் இறந்துவிட்டான், இப்போது முற்றத்தில் ஒரு சிலை மட்டும். சிறுவயதில் காணாமல் போன ஐந்தாவது பையன் அதே சிறுவன் உடம்போடு திரும்பி வருகிறான். ஆனால் எதிர்காலத்தில், உலகம் அழிந்த பிறகு, பல பத்தாண்டுகள் தன்னந்தனியாக வாழ்ந்துவிட்டு வந்தவன் அவன். பத்து வயது முகத்தில் ஒரு கிழவனின் களைப்பை ஓவியர் கேப்ரியல் பா வரைந்திருப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு. அது போதும் அவருக்கு.

வான்யாவும் வருகிறாள். குடும்பத்தைப் பற்றி அவள் எழுதிய புத்தகத்தை யாரும் மன்னிக்கவில்லை. டியேகோ அவளைத் திட்டித் துரத்துகிறான். வாசலைத் தாண்டிப் போகிற அந்தப் பெண்ணை வெளியே ஒரு கூட்டம் வரவேற்கக் காத்திருக்கிறது. இசையால் உலகத்தை அழிக்க நினைக்கும் கூட்டம். அப்புறம் நடப்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். சூப்பர் ஹீரோ கதைகளில் ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வரும், குடும்பம் ஒன்று சேர்ந்து அதை எதிர்க்கும். இங்கே உலகத்தை முடிக்கப் போகிற ஆபத்து சாப்பாட்டு மேசையின் கடைசி நாற்காலியில், யாரும் திரும்பிப் பார்க்காமல், இத்தனை வருடமாக உட்கார்ந்திருந்தது. அவளிடம் யாராவது ஒருவர் அன்பாக நாலு வார்த்தை பேசியிருந்தால் கதையே இல்லை. என் மனதை விட்டுப் போகாதது இதுதான்.

எழுதியவர் ஜெரார்ட் வே, 'மை கெமிக்கல் ரொமான்ஸ்' ராக் குழுவின் பாடகர். பாடகருக்கு எதற்குக் காமிக்ஸ் என்று கேட்டவர்களும் உண்டு. அவர் நியூயார்க்கில் ஓவியக் கல்லூரியில் படித்தவர், பாட்டுக்கு முன்பே காமிக்ஸ் ஆசை இருந்தவர். வரைந்த கேப்ரியல் பா பிரேசிலின் சாவோ பாவ்லோக்காரர். வண்ணம் டேவ் ஸ்டூவர்ட். 2007 செப்டம்பரில் டார்க் ஹார்ஸ் என்ற பதிப்பகம் வெளியிட்டது. 'அபோகலிப்ஸ் ஸ்வீட்' என்ற அந்த ஆறு இதழ் கதை 2008இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியது.

வானத்திலிருந்து குதித்த கற்பனை இல்லை இது. சண்டை போடும் சூப்பர் ஹீரோ குடும்பம் 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸிலேயே வந்துவிட்டது. சக்தியே சாபமாகிப் போனவர்களின் கூட்டத்தை 1963இல் 'டூம் பேட்ரல்' என்ற காமிக்ஸ் கொண்டுவந்தது. பின்னாளில் கிரான்ட் மாரிசன் என்ற எழுத்தாளர் அதை எழுதியபோது விநோதம் உச்சத்துக்குப் போனது. வே அதன் பெரிய ரசிகர், 2016இல் டூம் பேட்ரலை அவரே எழுதவும் செய்தார். ஆனால் அந்த விநோதத்தையெல்லாம் ஒரு துக்க வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது அவருடைய சாமர்த்தியம்.

தொடரையும் நான் ரசித்தேன். ஆனால் அதில் பிள்ளைகள் தங்கள் வலியைப் பேசிப் பேசித் தீர்க்கிறார்கள். காமிக்ஸில் அவர்களுக்கு அப்படிப் பேசத் தெரியாது. ஒரு படக்கட்டத்தில் சண்டை, அடுத்த படக்கட்டத்தில் அறை காலி. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். பாவின் கனத்த கறுப்பும் கூரான முகங்களும் அந்த மௌனத்துக்கு அவ்வளவு பொருத்தம். எனக்குக் காமிக்ஸ்தான் ஒரு படி மேல்.

சரி, எங்கே தொடங்குவது? சந்தேகமில்லாமல் 'அபோகலிப்ஸ் ஸ்வீட்'. அடுத்து 'டாலஸ்'. 1963 நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட நாளுக்குள் நுழைகிற காலப் பயணக் கதை. ஐந்தாவது பையனை நேசிப்பவர்கள் இதை விடக் கூடாது. மூன்றாவதான 'ஹோட்டல் ஒப்லிவியன்' 2018இல்தான் தொடங்கியது. ஹார்க்ரீவ்ஸ் தான் பிடித்த வில்லன்களை அடைத்துவைத்த விடுதி அது. பாத்திரங்கள் அதிகம், முதல் இரண்டையும் படிக்காமல் போனால் தலை சுற்றும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையில் முகமூடி போட்ட பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சின்னக் குழந்தைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் நிறைய உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், நீங்களும் கூடவே படியுங்கள். நன்றி, வணக்கம்.