செல்ஃப் எடுக்காத வண்டியும் ஜம்ப் ஸ்டார்ட்டரும்

[காட்சி: சாவியைத் திருப்பும் கை. 'டக் டக் டக்' சத்தம்.]

இந்தச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து வண்டியைக் கிளப்பும் லித்தியம் பேட்டரிக் கருவிக்கு, வேலை இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போதும் லைட் கொஞ்சம்கூட மங்காமல் பளிச்சென்று எரிந்தால், கோளாறு வேறெங்கோ. அதற்கு இந்தக் கருவி உதவாது.

[காட்சி: அட்டைப்பெட்டி. கொட்டை எழுத்தில் '2000 ஆம்பியர்'.]

கடையில் முதலில் கண்ணை இழுப்பது இந்த எண். இது பீக் ஆம்பியர், அதாவது ஒரு கணம் மட்டும் தொடக்கூடிய உச்சம். இதை நம்பி வாங்காதீர்கள். எஞ்சினைச் சுற்ற, சில விநாடிகள் விடாமல் வரும் மின்னோட்டம் வேண்டும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிராங்கிங் அல்லது ஸ்டார்ட்டிங் ஆம்பியர் என்று இருக்கும். அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதையே போடாத பெட்டியை நான் கையில்கூட எடுக்க மாட்டேன்.

டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம் என்பதால், அதே அளவு பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதல் ஆம்பியர் கேட்கும். 24 வோல்ட் லாரிக்கு 12 வோல்ட் கருவி ஆகவே ஆகாது.

அப்புறம் எம்ஏஹெச், அதாவது கருவி எவ்வளவு சார்ஜ் சேர்த்துவைக்கும் என்ற அளவு. 20,000, 30,000 என்று போட்டிருப்பார்கள். வண்டியை ஒருமுறை கிளப்ப எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

[திரையில்: 200 ஆம்பியர் × 10 வோல்ட் × 3 விநாடி = 6,000 ஜூல்]

இது 2 வாட்-மணிக்கும் குறைவு. 3.7 வோல்ட் கணக்கில் 20,000 எம்ஏஹெச் என்பது 74 வாட்-மணி. ஆக, வண்டியைக் கிளப்பச் செலவாவது துளிதான். அந்தத் துளியை 3 விநாடிக்குள் கொட்டித் தரவேண்டும், சிரமம் அங்கேதான். சாதாரண பவர் பேங்கால் இது முடியாததும் அதனால்தான். பெரிய எம்ஏஹெச் இருந்தால் போனுக்கு நிறைய முறை சார்ஜ் போடலாம், அவ்வளவே. அதைவிட, தடித்த குட்டையான வயரும் இறுகப் பிடிக்கும் கிளிப்பும் முக்கியம்.

[காட்சி: திறந்த பானெட்.]

பேட்டரி விரிசல் விட்டிருந்தாலோ, உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாடை அடித்தாலோ எதையும் மாட்ட வேண்டாம். எல்லாம் சரி என்றால், முதலில் லைட், ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். டெர்மினலில் பொடி பூத்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

சிவப்பு கிளிப் பிளஸ்ஸுக்கு. கறுப்பு, உங்கள் கருவியின் கையேடு சொல்வதுபோல், மைனஸுக்கோ எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்துக்கோ. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். தீப்பொறி அதன் பக்கத்தில் வேண்டாம் என்பதற்காகத்தான் பலர் இரண்டாவதைச் சொல்கிறார்கள்.

[காட்சி: கிளிப் பெட்டியில் பச்சை விளக்கு.]

பச்சை வந்ததும் செல்ஃப் அடியுங்கள், 3 முதல் 5 விநாடிக்குள். கிளம்பவில்லையா? அரை நிமிடமாவது விட்டு மறுபடி. விடாமல் அடித்தால் கருவியும் சூடாகும், செல்ஃப் மோட்டாரும் சூடாகும்.

விளக்கே வரவில்லை என்றால், பேட்டரி அடியோடு இறங்கியிருக்கலாம். எதுவும் மாட்டவில்லை என்றே கருவி நினைத்துக்கொள்ளும். அதற்குத்தான் 'பூஸ்ட்' பட்டன். கவனம்: பல கருவிகளில் இதை அழுத்தியதும் பிளஸ்-மைனஸ் மாறினால் காக்கும் பாதுகாப்பு விலகிவிடும். அழுத்தும் முன் கிளிப் இரண்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.

வண்டி கிளம்பியதும் அரை நிமிடத்துக்குள் கழற்றிவிடுங்கள், கறுப்பு முதலில். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் தள்ளிக்கொண்டிருக்கும்; அது லித்தியம் செல்லுக்கு நல்லதல்ல. உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டுங்கள். மறுநாளும் அதே 'டக் டக்' என்றால் பேட்டரியைச் சோதித்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

[காட்சி: வெயிலில் நிற்கும் கார்.]

வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். கருவியை அங்கே போட்டுவைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் வைக்கலாம், வீட்டுக்குள் என்றால் இன்னும் நல்லது. 3 மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். கருவி உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது. குப்பைத்தொட்டியில் எறியாமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.