படம் வரையத் தெரிந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "எனக்கு நன்றாகப் படம் வரைய வரும், சேரலாமா?" உடன் வரும் பெற்றோரின் கேள்வி வேறு: "தையல் கற்றுக்கொள்வதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் எதற்கு?" மாணவர் உடையை ஓவியமாகப் பார்க்கிறார், பெற்றோர் அதைத் தையலாகப் பார்க்கிறார்கள். ஓவியத்துக்கும் தையலுக்கும் நடுவே ஒரு பெரிய வேலை இருக்கிறது. அதன் பெயர் பேட்டர்ன். தட்டையான துணியை எந்த வடிவில், எந்தத் திசையில் வெட்டினால் உருண்டு திரண்ட மனித உடம்பின் மேல் அது ஒழுங்காக நிற்கும் என்று கணிக்கும் வேலை. பல ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்தி வருவதால் எனக்கு அதன் மேல் ஒருதலைப்பட்சமான அன்பு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், இனி நான் சொல்வதை நீங்கள் அதற்கேற்பக் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

வரையத் தெரிவது நல்லதுதான். ஆனால் முதல் பருவம் முடிவதற்குள் மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, காகிதத்தில் எல்லா உடையும் அழகாகவே விழும் என்று. வரைபடத்துப் பெண்ணுக்குக் கால்கள் நீளம், இடுப்பு இல்லை, கையைத் தூக்க வேண்டிய அவசியமும் இல்லை. துணி அப்படி ஒத்துழைப்பதில்லை.

ஆகவே படிப்பு துணியிலிருந்து தொடங்குகிறது. தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல், குறுக்கே ஓடுவது ஊடு நூல். பாவின் திசையில் துணி அதிகம் இழுபடாது, ஆகவே சட்டையும் கால்சட்டையும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் தொங்கவிடப்படுகின்றன. ஊடின் திசையில் சற்றே நெகிழும். இரண்டுக்கும் நடுவில், 45 பாகைக் கோணத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். அதே துணி ரப்பர் போல நீளும். தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் திசை அது. பாரிஸில் 1912-ஆம் ஆண்டு சொந்த நிறுவனம் தொடங்கிய மதலேன் வியோனே என்ற பெண்மணி, 1920-களில் இந்தக் கோணத்தை வைத்தே முழு உடைகளை அமைத்தார். இறுக்கிப் பிடிக்கும் உள்கட்டு எதுவும் இல்லாமல், துணியின் எடையே உடம்பைத் தழுவிக்கொண்டு இறங்கியது. அவர் யோசித்தது காகிதத்தில் அல்ல. சிறிய மரப்பொம்மை ஒன்றின் மேல் துணியைச் சுற்றி, குண்டூசி குத்தி, பிரித்து, மறுபடியும் சுற்றிக் கண்டுபிடித்தார். கிராஸாக வெட்டிய பாவாடையை உடனே விளிம்பு மடித்துத் தைக்கக்கூடாது என்பதையும் மாணவர்கள் இந்த வகுப்பில்தான் கற்கிறார்கள். தொங்கவிட்டு வைத்தால் துணி தன் எடையில் தானே இறங்கும், அதுவும் ஒரே அளவாக இறங்காது. இறங்கி முடித்த பிறகுதான் அடிவிளிம்பைச் சமமாக வெட்ட வேண்டும். அவசரப்பட்டவரின் பாவாடை ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை.

அடுத்தது அடிப்படை பேட்டர்ன். இப்போது நீங்கள் சட்டை அணிந்திருந்தால், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோளுக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். அங்கே குறுக்காக ஒரு தையல் ஓடும். தோள்பட்டி என்கிறோம். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். முதுகில் தோள்பட்டை எலும்பு புடைத்திருக்கிறது. தட்டைத் துணி அந்தப் புடைப்பைக் கடக்கும்போது மேலே தோள் பக்கம் உபரியாகக் கொஞ்சம் துணி சேரும். அதை மடித்துத் தைத்தால் டார்ட். சட்டையின் முதுகில் டார்ட் தெரியவேண்டாம் என்று, அந்த உபரியைக் குறுக்குத் தையலுக்குள் மறைத்துவிடுகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து மாணவர் தெருவில் போகிறவர்களை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்குகிறார். யார் சட்டையில் எங்கே தையல் இருக்கிறது, எது எதை மறைக்கிறது என்று கண் அலைகிறது. பேருந்தில் முன்னால் நிற்பவரின் முதுகையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது நாகரிகம் அல்ல, இருந்தாலும் இந்தத் துறையில் அது தவிர்க்க முடியாத பழக்கம்.

என்னைக் கேட்டால், ஒருவருக்கு இந்தப் படிப்பு பிடிக்குமா பிடிக்காதா என்பதை உடையின் கைப்பகுதி தீர்மானித்துவிடும். சட்டைக் கையின் மேல் வளைவு தாழ்வாக இருக்கும். கையைத் தூக்கினால் சுகம், ஆனால் தொங்கவிட்டால் அக்குளில் மடிப்பு விழும். கோட்டுக் கையின் மேல் வளைவு உயரம். தொங்கவிட்டால் சுருக்கமே இல்லாமல் அழகாக நிற்கும், ஆனால் கையைத் தூக்கினால் கோட்டு முழுவதும் கூடவே எழுந்து வரும். அழகும் வசதியும் ஒரே வளைவில் இழுபறி நடத்துகின்றன. சட்டையின் உடல்பகுதியில் கை பொருந்தும் வளைவைப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாக உயரும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வளைவு கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது இழுக்கப்படும் பக்கத் துணியும் அதிகமாகிறது. அக்குளை ஒட்டி உயர்வாக வெட்டிய வளைவுதான் கையை விடுவிக்கும். சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. இரண்டு விதமாகவும் காடாத் துணியில் தைத்து, போட்டுப் பார்த்து, கையைத் தூக்கிய பிறகுதான் நம்புகிறார்கள். அப்போது அவர்கள் முகத்தில் வரும் எரிச்சல் கலந்த வியப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

காடாத் துணியில் தைக்கும் சோதனை உடை என்றாலே பலருக்கு அலுப்பு. பட்டும் சாட்டினும் கனவு கண்டு வந்தவர்கள் மாதக்கணக்கில் பழுப்பு வெள்ளைத் துணியோடு காலம் தள்ள வேண்டும். தைத்ததைப் பொம்மைக்கு மாட்டி, பேனாவால் அதன் மேலேயே கோடு போட்டு, கத்தரியால் கிழித்து, அந்தத் திருத்தத்தைக் காகிதத்துக்கு மாற்றி, மறுபடியும் வெட்டித் தைக்கிறோம். ஒரு நல்ல கோட்டுக்கு இப்படிப் பல சோதனை உடைகள் பலியாகும்.

பொம்மையைப் பற்றியும் ஒரு குறை சொல்ல வேண்டும். வகுப்பறைப் பொம்மைகள் பெரும்பாலும் ஒரே அளவு. நான்கு ஆண்டுகள் ஒரே உடம்புக்குத் தைத்துவிட்டு வெளியே போகும் மாணவருக்கு உலகத்து உடம்புகள் அதிர்ச்சி தருகின்றன. அளவு கூடும்போது உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. இடுப்பு அகலும் அளவுக்குத் தோள் அகலாது. சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவரின் கால்சட்டைக்குப் பின்பக்கம் உயரமும் முன்பக்கம் குறைவும் தேவை, நின்றுகொண்டிருக்கும் பொம்மை இதை ஒருநாளும் சொல்லித்தராது. இதையெல்லாம் விருப்பப் பாடமாக ஓரத்தில் வைத்திருக்கும் துறைகள் இன்னும் இருக்கின்றன. அது மாற வேண்டும்.

சரி, இவ்வளவும் ஒரு திறமையான தையற்கலைஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் கிடைக்காதா? கிடைக்கும். பெற்றோரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குவீன் 16 வயதில் பள்ளியை விட்டு, லண்டனில் ஆண்களுக்கான தையலுக்குப் பெயர்போன சாவில் ரோ தெருவில் வேலை கற்றார். பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்குப் பேட்டர்ன் கற்பிக்கும் வேலை கேட்டுப் போனவரை, முதுகலை மாணவராகச் சேர்ந்து படிக்கச் சொன்னார்கள். 1992-இல் படிப்பு முடித்தார். அவருடைய கை ஏற்கெனவே தேர்ந்திருந்தது. தான் வெட்டுவதைக் கொண்டு என்ன சொல்வது என்று யோசிக்கும் இடமாக அவருக்குக் கல்லூரி அமைந்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஜப்பானின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ ஆடை வடிவமைப்பே படித்தவர் அல்ல. கெய்யோ பல்கலைக்கழகத்தில் கலையும் இலக்கியமும் படித்தார், 1969-இல் சொந்த வணிக முத்திரையில் உடைகள் செய்யத் தொடங்கினார். கசக்கிய காகிதம் ஒன்றைக் கொடுத்து 'இப்படி வேண்டும்' என்று தன் பேட்டர்ன் கலைஞர்களிடம் சொல்லிவிடுவார் என்பது இத்துறையில் பிரசித்தம். இந்தக் கதையைக் கேட்ட மாணவர்கள், படிக்காமலே சாதிக்கலாம் என்று மகிழ்கிறார்கள். கசக்கிய காகிதத்தை உடையாக மாற்றிய அந்தக் கலைஞர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன்.

ஆகவே சேருவதற்கு முன் உங்களிடம் எது குறைவு என்று பாருங்கள், கையா, எண்ணமா? கை தேர்ந்தவர் வரலாறு, ஆய்வு, விமர்சனம் ஆகியவற்றில் வலுவான துறையைத் தேடட்டும். மனத்தில் ஆயிரம் எண்ணம், கையில் ஊசி பிடித்ததே இல்லை என்றால், வெட்டு அறை பெரிதாக இருக்கும் துறையைத் தேடுங்கள்.

விமர்சனம் என்றேன். அதற்கென்று வகுப்பு உண்டு. வாரக்கணக்கில் செய்ததை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, ஏன் இந்த வளைவு, ஏன் இந்தத் துணி என்று கேட்பார்கள். 'எனக்குப் பிடித்திருந்தது' என்ற பதில் அங்கே செல்லாது. ஆராய்ச்சிக் குறிப்பேடும் அப்படித்தான். இணையத்தில் கிடைத்த படங்களை ஒட்டி நிரப்பிய குறிப்பேடு முதல் பக்கத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் ஒரே ஆண்டில் பத்துப் பேரின் குறிப்பேட்டில் அதே படங்கள் இருக்கும். பழைய உடை ஒன்றை உள்பக்கம் வெளியே திருப்பி, தையலைத் தையலாக வரைந்தவரின் குறிப்பேட்டுக்கு மதிப்பு அதிகம்.

இரவெல்லாம் விழித்துத் தைப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் ஒன்று இந்தப் படிப்பில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தூக்கம் கெட்டவர் வெட்டிய துணியில் இரண்டு இடக் கைகள் வந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

படித்து முடித்த பின் எல்லோரும் தம் பெயரில் நிறுவனம் தொடங்குவதில்லை. பேட்டர்ன் வெட்டுவோர், துணி தேர்வு செய்வோர், நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உடை அமைப்போர், ஒரு பேட்டர்னைப் பல அளவுகளுக்கு மாற்றுவோர், தரம் பார்ப்போர் என்று வேலைகள் பல. பெரிய நிறுவனத்தில் வடிவமைப்பாளரின் நாள் பெரும்பகுதியும் தொழில்நுட்பக் குறிப்பு எழுதுவதில் போகும். ஒரு சட்டைக்கு எந்தத் தையல், எந்த நூல், முதல் பொத்தான் காலரிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி, எவ்வளவு பிசகினால் ஏற்கலாம் என்று பக்கம் பக்கமாக. சலிப்பாகத் தோன்றும். ஆனால் அந்தத் தாள்தான் வெகுதொலைவில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோரின் வேலைநாளைத் தீர்மானிக்கிறது. கடைசி நேரத்தில் ஒரு சட்டைப்பையை மாற்றச் சொன்னால், அனுப்பும் தேதி மாறாது, தைப்பவரின் இரவுதான் நீளும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தும் தொழிலாளர்களை வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் தைத்தவை உலகப் புகழ்பெற்ற கடைகளுக்கான உடைகள். இதைச் சொல்லாமல் வடிவமைப்புப் பாடம் நடத்துவது எனக்கு இயலாத காரியம்.

துணி விரயமும் மேசையிலேயே தீர்மானமாகிறது. பேட்டர்ன் துண்டுகளைத் துணியில் அடுக்கி வெட்டும்போது, நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை துண்டுகளாக உதிர்ந்துபோவது சாதாரணம். விரயமே இல்லாமல் வெட்டும் முறையைச் சில துறைகள் தனிப் பயிற்சியாகத் தருகின்றன. துண்டுகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும் என்றால், உடையின் உருவமே அந்தப் பொருத்தத்திலிருந்து பிறக்க வேண்டும். முதலில் வரைந்துவிட்டு அப்புறம் வெட்டலாம் என்ற வரிசை அங்கே தலைகீழாகிவிடும்.

கணினியில் முப்பரிமாண உருவத்துக்கு உடை மாட்டிப் பார்க்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கட்டாயம் கற்க வேண்டியவைதான். துணியின் எடை, நெகிழ்வு, மடங்கும் தன்மை ஆகியவற்றைச் சரியாகக் கொடுத்தால் நன்றாகவே காட்டும். கொடுப்பதற்கு அவற்றைக் கையால் உணர்ந்திருக்க வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களே, பேஷன் ஷோ படங்கள் மாட்டிய வரவேற்பறையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். வெட்டு அறையைக் காட்டச் சொல்லுங்கள். மேசை நின்றுகொண்டு வெட்டும் உயரத்தில் இருக்கிறதா, எத்தனை மாணவருக்கு ஒரு தையல் மெஷின், மாலையில் அறை திறந்திருக்குமா, பேட்டர்ன் நடத்துபவர் முழுநேர ஆசிரியரா என்று கேளுங்கள். இறுதி ஆண்டு மாணவர் உடை ஒன்றைக் கையில் வாங்கி உள்பக்கத்தைப் பாருங்கள். துணி, நூல், பொத்தான் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா, மாணவர் தனியாகப் போட வேண்டியதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இறுதி ஆண்டு உடைத்தொகுப்பு நெருங்கும்போது அந்தச் செலவு குடும்பங்களைத் திணறடிக்கிறது.

நுழைவு நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் பளபளப்பான வரைபடங்களோடு இதையும் எடுத்துப் போங்கள். வீட்டில் யாரும் அணியாத பழைய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரியுங்கள். துண்டுகளை இஸ்திரி போட்டு, காகிதத்தில் வைத்து, சுற்றிலும் கோடு போடுங்கள். எது பாவின் திசையில் வெட்டப்பட்டது என்று அம்புக்குறி இடுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை வைத்து வேறு துணியில் ஒரு சட்டை தையுங்கள். காலர் கோணலாக வரும், கவலை வேண்டாம். எங்கே, ஏன் கோணலாயிற்று என்று பக்கத்தில் எழுதி, சட்டையையும் அந்தக் காகிதத்தையும் சேர்த்தே மேசையில் வையுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.